21,600 கண்ணிகளுக்கு 12 டாலர்: பழைய ஆஃப்கன் போர்வைகளின் சந்தை

அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானால், அவருடைய சாமான்களை வீட்டிலேயே பரப்பி விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். எஸ்டேட் சேல் என்று பெயர். பீங்கான், மர அலமாரி, கராஜில் இருக்கும் கருவிகள் என எல்லாவற்றையும் சுற்றிக் கூட்டம் நிற்கும். படுக்கையறையில் கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஆஃப்கன், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா போர்வை, மடித்துக் கிடக்கும். கறுப்பு ஓரம், உள்ளே சதுரம் சதுரமாகப் பல நிறங்கள். 12 டாலர் என்று சீட்டு குத்தியிருப்பார்கள். விற்பனையின் கடைசி நாளில் அதுவும் பாதியாகும்.

அந்தப் போர்வையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் சதுரத்துக்குக் கிரானி ஸ்கொயர், அதாவது பாட்டிச் சதுரம் என்று பெயர். நடுவில் ஒரு சின்ன வளையம். அதில் மும்மூன்றாக நான்கு கொத்து, ஆக முதல் சுற்றில் 12 கண்ணி (கண்ணி என்பது கொக்கியால் போடும் ஒரு பின்னல்). சுற்றுக்கு 12 கண்ணி கூடும்: 24, 36, 48. நான்கு சுற்றுச் சதுரம் ஒன்றில் 120 கண்ணிகள். அகலத்தில் 12, நீளத்தில் 15 என்று அடுக்கினால் 180 சதுரம், 21,600 கண்ணி. சதுரங்களை இணைத்ததையும் ஓரம் கட்டியதையும் இதில் சேர்க்கவில்லை. சுற்றுக்கு ஒரு நிறம் மாற்றியிருந்தால் ஒரு சதுரத்தில் எட்டு நூல்முனைகள், மொத்தம் 1,440 முனைகள். அத்தனையையும் ஊசியில் கோத்து உள்ளே ஒளித்திருக்கிறார்கள். கைப்பழக்கம் உள்ளவருக்குச் சதுரத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 60 மணி நேரம் ஓடிவிடும்.

அறுபது மணி நேர வேலைக்குப் 12 டாலர்தானா? இந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை. பழைய ஆஃப்கன்களைச் சேகரிப்பவர்களும் விற்பவர்களும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது, எதை எப்படி விற்பது என்பது பிடிபடும்.

முதலில் பெயர். ஆஃப்கன் என்றதும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அந்த நாட்டின் பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஒருவகைக் கம்பளிப் போர்வையின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் கையால் பின்னிய, சோபாவில் விரிக்கிற அளவுள்ள போர்வைக்கு அதுவே பொதுப்பெயர். துனீசியன் குரோஷா என்கிற, நீண்ட கொக்கி ஊசியால் செய்யும் அடர்த்தியான பின்னலுக்கும் ஆஃப்கன் பின்னல் என்று இன்னொரு பெயர் உண்டு. பழைய கம்பளி ஆஃப்கன்களில் இந்தப் பின்னலின் மேல் குறுக்குத் தையலில் ரோஜாக்கொத்து போட்டவை கிடைக்கும். அவை அபூர்வம், பார்த்தால் விடக் கூடாது.

அடுத்தது இயந்திரம். நிட்டிங் எனப்படும் இரட்டை ஊசிப் பின்னலுக்கு 1589லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ ஒரு இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். குரோஷாவுக்கு இன்றுவரை சந்தைக்கு வந்த இயந்திரம் கிடையாது. காரணம் பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் திறந்தபடி ஊசியில் வரிசையாக நிற்கும். ஒரே இடத்தில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும், இயந்திரத்துக்கு அது எளிது. வழக்கமான குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்ததும் திறந்திருப்பது ஒரே ஒரு வளையம்தான். கொக்கி எங்கே நுழைய வேண்டும், முன்னாலிருந்தா பின்னாலிருந்தா, எத்தனை முறை நூலைச் சுற்ற வேண்டும் என்பதைக் கையும் கண்ணும் சேர்ந்து ஒவ்வொரு கண்ணிக்கும் முடிவு செய்கின்றன. ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் கடையில் குரோஷே மெஷின் என்ற பெயரில் இருப்பது வார்ப் நிட்டிங் வகை, அதாவது நீளவாட்டில் பல நூல்களைச் சேர்த்துப் பின்னும் இயந்திரம், அது செய்வது குரோஷா மாதிரியான வேறொன்று. ஆக, உண்மையான குரோஷா ஆஃப்கன் எதை எடுத்தாலும் அது யாரோ ஒருவர் கையால் செய்தது. இந்தச் சந்தையில் "கைவேலை" என்ற சொல்லுக்குத் தனி விலை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே கைவேலையாக இருக்கும்போது அது ஒரு சிறப்பாகத் தோன்றுவதில்லை.

பாட்டிச் சதுரம் எவ்வளவு பழையது? அச்சில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய மாதிரி, 1885இல் சிகாகோவிலிருந்து வந்த ப்ரெய்ரி ஃபார்மர் என்ற விவசாயப் பத்திரிகையில் இருக்கிறது. விவசாயப் பத்திரிகையில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மிச்ச நூலை வீணாக்காத வீடுகளின் வேலை இது. ஸ்வெட்டர் பின்னி மீந்தது ஒரு பிடி, காலுறையில் மீந்தது அரைப் பிடி. போர்வைக்கு எந்த ஒரு நிறமும் போதாது, சதுரத்துக்கு எதுவும் போதும். கடைசிச் சுற்றை மட்டும் எல்லாச் சதுரத்திலும் ஒரே நிறத்தில் போட்டுவிட்டால், உள்ளே இருக்கிற கலவை கண்ணுக்கு ஒழுங்காகிவிடும். கறுப்பு ஓரம் இத்தனை போர்வைகளில் வருவது அதனால்தான். எந்த நிறத்தையும் தன் பக்கத்தில் நிற்க வைத்துவிடும் நிறம் அது.

விலை விழுந்த கதை இழையில் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை ஆஃப்கன் என்றால் பெரும்பாலும் கம்பளி நூல். டூபான்ட் நிறுவனம் 1941இல் அக்ரிலிக் இழையை உருவாக்கி, 1950இல் ஆர்லான் என்ற பெயரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. மலிவு, அந்துப்பூச்சி தொடாது, இயந்திரத்தில் துவைக்கலாம், சாயம் பளிச்சென்று ஏறும். அதன் பிறகு வந்த தலைமுறைப் பெண்கள் எவ்வளவு பின்னினார்கள் என்பதைப் பார்க்க எந்தப் பழைய பொருள் கடைக்கும் போகலாம். திருமணத்துக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று, கல்லூரிக்குப் போகும் பேரனுக்கு ஒன்று. அக்ரிலிக் மக்காது, பூச்சி அரிக்காது. கம்பளிப் போர்வைகள் பூச்சிக்கும் வெந்நீருக்கும் பலியானபோது, இவை கிட்டத்தட்ட எல்லாமே உயிரோடு இருக்கின்றன. செய்தவர் கை மறைந்த பிறகும் சரக்கு குறையாத சந்தையில் விலை எப்படி ஏறும்?

கூடவே ஒரு மதிப்புப் பிரச்சினையும் இருக்கிறது. துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் குவில்ட்டும் அதே வீடுகளில், அதே பெண்கள் கையில் பிறந்ததுதான். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளைக் கட்டிலிலிருந்து எடுத்து, நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. அந்த ஒரு கண்காட்சிக்குப் பிறகு குவில்ட்டைப் பார்க்கும் கண்ணே மாறியது. சேகரிப்பாளர்கள் வந்தார்கள், ஆவணப்படுத்தினார்கள், 1997இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் குவில்ட்டுக்கென்றே ஒரு மையம் தொடங்கி, அது பெரிய அருங்காட்சியகமாக வளர்ந்தது. ஆஃப்கனுக்கு அப்படி ஒரு 1971 வரவில்லை. அது சோபாவிலேயே இருந்துவிட்டது. 1988இல் தொடங்கிய ரோசான் தொலைக்காட்சித் தொடரில் அந்தக் குடும்பத்தின் சோபா முதுகில் ஒரு பாட்டிச் சதுரப் போர்வை நிரந்தரமாகக் கிடந்தது. உழைக்கும் வர்க்கத்து வீடு என்று காட்ட அது ஒன்றே போதுமாக இருந்தது. பாசமும் இருந்தது அதில், பணமில்லை என்ற அடையாளமும் இருந்தது. இன்றும் விற்பவர்கள் கறுப்பு ஓரப் போர்வைக்கு அந்தத் தொடரின் பெயரைத் தலைப்பில் போடுகிறார்கள், வாங்குபவர்கள் அதைச் சொல்லித் தேடுகிறார்கள். முன்பு ஏழ்மைக்கு அடையாளமாகக் காட்டியது, இப்போது சிறுவயது வீட்டின் ஞாபகமாக விலைபோகிறது.

போர்வையைப் படிப்பது

சேகரிப்பவருக்கு இதில்தான் ருசி. போர்வையில் கையெழுத்து இருக்காது, தேதி இருக்காது. ஆனால் செய்தவர் பின்னலுக்குள் இருக்கிறார்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர் செய்ததா என்று பாருங்கள். குரோஷாக் கண்ணிகள் லேசாக ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரர் பின்னினால் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியில் சில இறுக்கமாகச் சிறுத்தும், சில தளர்ந்து பெருத்தும் இருந்தால் இரண்டு பேர் செய்திருக்கலாம், அல்லது ஒருவரே பல ஆண்டுகள் விட்டு விட்டுச் செய்திருக்கலாம். பாதிப் போர்வையில் பழுப்பு நிறம் ஒரு மயிரிழை மாறுகிறதா? நூல் தீர்ந்து, மறுபடி வாங்கப் போனபோது அதே சாயத்தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூல், கிடைக்கவில்லை. எனக்கு இந்தக் கோடுதான் மிகவும் பிடிக்கும். சில விற்பனையாளர்கள் இதைக் குறை என்று எழுதுகிறார்கள். ஒருவர் கடைக்குப் போய் நின்று, நிறத்தை ஞாபகத்தால் ஒப்பிட்டு, இது போதும் என்று முடிவு செய்த கணம் அங்கே பதிந்திருக்கிறது. அதைக் குறையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சிறுசிறு செவ்வகங்களாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பின்னலில், ஒவ்வொரு கையில் இருந்தால் அது தர்மத்துக்குச் செய்த கூட்டு வேலையாக இருக்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் வாசா ஊரில் நூல்கடை வைத்திருந்த ஈவி ரோசன் 1991இல் வார்ம் அப் அமெரிக்கா என்ற இயக்கத்தைத் தொடங்கினார். முழுப் போர்வை பின்ன நேரமில்லாதவர்கள் 7 அங்குலத்துக்கு 9 அங்குலத் துண்டு ஒன்றை மட்டும் செய்து கொடுத்தால் போதும், அப்படி 49 துண்டுகளை இணைத்தால் ஒரு போர்வை. கையில் கிடைத்த போர்வையில் இந்த அளவும் இந்த எண்ணிக்கையும் பொருந்தினால் ஓரளவு ஊகிக்கலாம்.

காலத்தைக் கணிக்க நிறம் உதவும், ஆனால் ஏமாற்றும். அவகாடோ பச்சை, அறுவடைப் பொன் மஞ்சள், எரிந்த ஆரஞ்சு, பழுப்பு இவை சேர்ந்து வந்தால் 1970கள் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் மட்டும் என்றால் அமெரிக்காவின் 200ஆம் ஆண்டு நிறைவான 1976 ஞாபகத்துக்கு வரும். மங்கிய ரோஜா நிறமும் சாம்பல் நீலமும் 1980கள். சரி, ஆனால் நூலை இருபது வருடம் பரணில் வைத்திருந்து பின்னுபவர்கள் உண்டு. ஆகவே நிறம் சொல்வது நூல் வாங்கிய காலத்தைத்தான். அந்தப் பின்னலின் செய்முறை வெளியான சிறுபுத்தகம் கிடைத்தால் அதிலுள்ள ஆண்டும் ஒரு எல்லையைத்தான் தரும்: அதற்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான். போர்வையோடு ஒரு பையில் மிச்ச நூலும் லேபிளும் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். சயெல், வின்டக் என்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் அது டூபான்டின் ஆர்லான் நூல் கோலோச்சிய காலம். எஸ்டேட் சேலுக்குப் போனால் போர்வையை எடுத்த கையோடு தையல் கூடை எங்கே என்று கேளுங்கள்.

கம்பளியா அக்ரிலிக்கா என்பதை ஊகத்தால் எழுதக் கூடாது, விலை அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். பழைய அக்ரிலிக் முரட்டுக் கம்பளி மாதிரியே சொரசொரக்கும். ஒளித்த நூல்முனை ஒன்றில் அரை அங்குலம் வெட்டி, குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தில் போட்டு வையுங்கள். கம்பளி புரதம், அதனால் நுரைத்துக் கரைந்து சில மணி நேரத்தில் காணாமல் போகும். அக்ரிலிக் அப்படியே கிடக்கும். எரித்துப் பார்ப்பது பழைய முறை. கம்பளி முடி கருகிய நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும். ஆனால் அக்ரிலிக் புகை நச்சு. வெளுப்பு முறையே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

இந்தப் பரிசோதனை விலைக்கு மட்டுமல்ல, துவைக்கவும் வேண்டும். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போர்வை சுருங்கிக் கெட்டியாகும், திரும்ப வராது. குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, பிழியாமல் அழுத்தி எடுத்து, தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் போட்டால் ஈரப் பாரம் கண்ணிகளை இழுத்து நீட்டிவிடும். அக்ரிலிக்குக்குத் தண்ணீர் பகையல்ல, சூடுதான் பகை. அதன் மேல் நீராவி இஸ்திரியை அழுத்தினால் இழை இளகி, துள்ளல் போய், வாழைநார் மாதிரி தொங்கிவிடும். பின்னுபவர்கள் இதை அக்ரிலிக்கைக் கொல்வது என்றே சொல்கிறார்கள். உயிர்ப்பிக்க வழியில்லை.

பழைய கம்பளிப் போர்வையை வீட்டுக்குள் கொண்டு வரும் முன் அந்துப்பூச்சிப் பயம் இருக்கட்டும். அரிப்பது பறக்கிற பூச்சி அல்ல, அதன் புழு. பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்த பிறகு குளிர் முழுவதும் போகும்வரை பையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் கம்பளியில் படிந்துவிடும்.

ஓட்டை இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். நிட்டிங்கில் ஒரு இழை அறுந்தால் கண்ணிகள் ஏணிப்படி மாதிரி கீழே வரை ஓடும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததற்குப் போகும் முன் மூடப்படுவதால் சேதம் அந்த இடத்தில் கொஞ்ச நாள் நிற்கும். பாட்டிச் சதுரப் போர்வையில் கெட்ட சதுரத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு பின்னி வைக்கலாம். அலை அலையாகப் போகிற ரிப்பிள் போர்வையில் அது முடியாது, முழு அகலமும் ஒரே ஓட்டம். சதுரப் போர்வை பெரும்பாலும் உடைவது நடு வளையத்தில்தான், வாங்கும்போது ஒவ்வொரு நடுவையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். சிகரெட் வாடையை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். எத்தனை துவைத்தாலும் ஈரநாளில் திரும்பி வரும்.

விற்கும் கணக்கு

கைவினைப் பொருள்களும் பழைய பொருள்களும் விற்கும் எட்ஸி இணையதளத்தில் குறைந்தது 20 ஆண்டு பழையதுதான் வின்டேஜ், அதாவது பழம்பொருள். அந்தக் கணக்கில் 2000இல் முடித்த போர்வையும் இன்று வின்டேஜ்தான். ஆகவே வாங்குபவருக்கு அந்தச் சொல் மட்டும் எதையும் சொல்லாது, நீங்கள் கண்டுபிடித்து எழுதுவதுதான் சொல்லும்.

12 டாலருக்கு வாங்கி, அனுப்புகிற செலவு உட்பட 60 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பட்டியலிட 20 சென்ட். 2022 ஏப்ரலிலிருந்து விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம், அது 3.90 டாலர். அமெரிக்க விற்பனையாளருக்குப் பணம் பெறும் கட்டணம் 3 சதவீதமும் 25 சென்ட்டும், அது 2.05. ஆக 6.15 போனது. போர்வை கனமானது, அஞ்சலுக்கு 15 டாலர் என்று வைத்தால், வாங்கிய விலையும் கழிந்து கையில் நிற்பது 26.85. துவைத்து, காயவைத்து, கிழிசல் தைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அளந்து, எழுதி, கட்டி அனுப்பிய நேரத்துக்கெல்லாம் இதுதான். முதல் 60 மணி நேரத்துக்குரியவருக்கு இதில் ஒரு சென்ட்டும் இல்லை. அது நினைவில் இருந்தால் விவரணையைச் சோம்பலாக எழுத மனம் வராது.

நல்ல விவரணை என்பது நேர்மையான விவரணை. தட்டையாக விரித்து எடுத்த அளவு, எடை, இழை என்ன, எப்படிச் சோதித்தீர்கள், எந்தச் சதுரத்தில் என்ன பழுது, பின்பக்கம் எப்படி இருக்கிறது. பின்பக்கப் படம் போடாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. நூல்முனைகளை எப்படி ஒளித்திருக்கிறார்கள் என்பதில் வேலையின் தரம் அப்பட்டமாகத் தெரியும். வெயிலில் நிறம் வெளுத்திருப்பதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் புரியும்.

சமீப ஆண்டுகளில் தேவை ஏறியிருக்கிறது என்றால் அதில் ஒரு பங்கு கத்தரிக்கோலுக்குப் போகிறது. ஆஃப்கனை வெட்டி மேலங்கியாகவும் கார்டிகனாகவும் தைத்து, போர்வையைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கிழிந்தது, கறை போகாதது, பாதி பூச்சி தின்றது என்றால் அது நல்ல மறுவாழ்வு, எனக்கு மறுப்பில்லை. முழுசாக இருப்பதை வெட்டுவது வேறு. வெட்டிய இடத்தில் ஒவ்வொரு இழையும் ஒரு திறந்த முனையாகிறது. நன்றாகப் பூட்டித் தைக்காவிட்டால் இரண்டாம் துவைப்பில் பிரியத் தொடங்கும். ஐம்பது வருடம் தாங்கிய வேலை ஒரு குளிர்காலத்து உடையாக முடியும்.

குவில்ட்டுக்கு இருந்து ஆஃப்கனுக்கு இல்லாமல் போனது ஆவணம். எஸ்டேட் சேலில் பெரும்பாலும் வீட்டார் யாராவது நிற்பார்கள், அல்லது நடத்துபவரிடம் விவரம் இருக்கும். பணம் கொடுக்கும்போது இதைப் பின்னியது யார், எந்த ஊர், எப்போது என்று கேட்டுவிடுங்கள். பலர் சந்தோஷமாகச் சொல்வார்கள், சிலர் நிறுத்தாமல் சொல்வார்கள். தெரிந்தவரை ஒரு பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி, பின்பக்க மூலையில் நாலு தையல் போட்டு வையுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் வாங்கிய ஊரும் நாளும் இழையின் பெயரும் போதும். விற்கும்போது நாடாவைப் பிரிக்க வேண்டாம், அது போர்வையோடே போகட்டும்.